கழுவி வைத்த சொல்

என் தங்கையின் கணவர் வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறவர். அந்த வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ஓட்டுகிறவன் கிளட்சையும் பிரேக்கையும் குழப்பிக்கொண்டு லாரிக்கு நேராகப் போவான். பக்கத்தில் இருப்பவருக்கு உயிர் தொண்டைக்குழியில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் யார் வாயிலிருந்தாவது நல்ல வார்த்தை வருமா? எனக்கு வராது. அவருடைய பயிற்சிப் பள்ளிக்கு ஒட்டினாற்போல் என் மெக்கானிக் பட்டறை. ஒரு போல்ட்டு கைதவறி விழுந்தாலே அதன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிறவன் நான். மாப்பிள்ளையோ, பின்னால் வரிசையாக வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, "பரவாயில்லம்மா, வண்டி நின்னுடுச்சு, அவ்வளவுதான். மெதுவா ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார்.

ஆரம்பத்தில் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆளுக்குத் தங்கையைக் கொடுத்துவிட்டோமே என்று இருந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏன் மாப்ளே, உங்களுக்குக் கோபமே வராதா? இல்ல, எல்லாத்தையும் சேர்த்து வச்சு வீட்ல என் தங்கச்சிகிட்ட காட்டுறீங்களா?"

"வரும் மச்சான், நல்லாவே வரும்" என்று சிரித்தார். "சிலபேர் விரதம் இருக்காங்க, சிலபேர் கோயில் கோயிலா நடக்குறாங்க. எனக்கு அதுக்கெல்லாம் நேரம் வாய்க்கல. பேச்சுதான் என் விரதம். எல்லாருக்குள்ளயும் சாமி இருக்குன்னு சொல்றோமில்ல? அப்ப ஒருத்தர்கிட்ட நாம பேசுறது படையல்தானே? பழம் படைக்கிறப்ப கழுவித்தானே வைக்கிறோம். அழுகினதை வைக்கிறதில்ல. பார்க்க அழகா இருக்குன்னு மெழுகுப் பழத்தையும் வைக்கிறதில்ல."

"நாங்க ஆளைக் கழுவி ஊத்துவோம், நீங்க பேச்சைக் கழுவி வைப்பீங்களாக்கும்!" என்றேன். அதற்கும் சிரித்தார். என்ன செய்வது இந்த மனுஷனை?

தினமும் காலையில், முதல் ஆள் பயிற்சிக்கு வருவதற்கு முன், வண்டிக்குள் ஒட்டியிருக்கும் சாமி படத்தின் முன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். என்ன வேண்டுகிறாரோ, உதடு மட்டும் அசையும். கோபம் வந்தால் பாட்டிலை எடுத்து ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். விழுங்க மாட்டார். கோபம் இறங்கும்வரை அது வாயிலேயே இருக்கும். சார் கன்னம் உப்பினால் நாம் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று கற்றுக்கொள்கிறவர்களுக்கே தெரியும்.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவர். அவர் பஸ்ஸில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதுதான் அவருடைய சொத்து, சுகம் எல்லாம். வயதான பிறகும் தன் பழைய காரைத் தானேதான் ஓட்டுவார். ஒருநாள் பட்டறைக்கு எதிரிலேயே ஒரு பெண்பிள்ளையின் சைக்கிளை உரசிவிட்டார். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அவள் திடீரென்று குறுக்கே வந்தாள் என்றார். நான் என் கண்ணால் பார்த்தேன், அவள் நேராகத்தான் வந்தாள். அவர் கண்ணில் அவள் படவே இல்லை.

சும்மா இருப்பேனா நான்? "கண்ணு தெரியாத கிழத்துக்கு எதுக்கு வண்டி? யாரையாவது கொன்னுட்டுத்தான் ஓய்வீங்களா?" என்று, ஓடி வந்த மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, நடுத்தெருவில் கத்தினேன். சாவியைப் பிடுங்கினேன், அப்பா திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. மறுநாள் வீம்புக்கென்றே காரை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார். "எரியுற தீயில எண்ணெய் ஊத்துறதுதான் உன் வேலையா அண்ணா?" என்று தங்கை அழுதாள்.

நான் மாப்பிள்ளையிடம் போனேன். "பேட்டரி ஒயரைக் கழற்றி விட்டுடறேன். ரிப்பேர், பார்ட்ஸ் கிடைக்கலைன்னு நீங்க சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவார்."

"அது மெழுகுப் பழம் மச்சான். அவ்வளவு பெரிய டிரைவரைச் சின்னப்பிள்ளை மாதிரி ஏமாத்தக் கூடாது. நானே பேசுறேன்."

"நீங்க பேசி, அவர் கேட்டு... விளங்கின மாதிரிதான்" என்றேன்.

மறுநாள் காலை அப்பாவிடம் நேராகவே சொன்னார். "மாமா, உங்க கண்பார்வையில எனக்குச் சந்தேகம் இருக்கு. என் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டுங்க, பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன்."

"நல்லா பாருங்க. பார்த்துட்டு உங்க மச்சானுக்கும் சொல்லுங்க" என்றார் அப்பா. வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு நான் பின்சீட்டில் ஏறினேன்.

பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அப்பா ராஜா மாதிரி ஓட்டினார். கியர் வெண்ணெயாக விழுந்தது. ஒரு சுற்று முடித்து வீட்டு வாசலில் நிறுத்தி, "எப்படி?" என்றார்.

மாப்பிள்ளை பாட்டிலை எடுத்தார். கன்னம் உப்பியபடி வெகுநேரம் இருந்தார். கோபமில்லாமல் அவர் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

"மாமா, உங்க கை மாதிரி ஒரு கை நான் சொல்லிக்கொடுத்த யாருக்கும் அமையல. ஆனா ரெண்டு இடத்துல பிரேக் மிதிச்சது நான். பள்ளிக்கூட முனையில ஒரு அம்மா குழந்தையோட ரோட்ல இறங்கினாங்க. நீங்க பார்க்கல. அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கு."

அப்பாவின் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. "வண்டி தானா குறையுற மாதிரி இருந்துச்சு" என்றார் மெல்ல.

"பழுது கண்ணுலதான் மாமா, கையில இல்ல. உங்க பஸ்ல ஏறின அத்தனை பேரும் பத்திரமா இறங்கிப் போயிருக்காங்க. அந்தப் பேரு கடைசிவரைக்கும் உங்களுக்கு அப்படியே இருக்கணும்."

அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "இதைத்தானே அவன் நடுத்தெருவுல நிக்க வச்சுக் கிழம்னு சொன்னான்" என்றார்.

எனக்குக் காது சுட்டது.

"மச்சான் கத்தினது உண்மைதான் மாமா. ஆனா அப்ப அவர் கை நடுங்கிட்டு இருந்துச்சு, பக்கத்துல நின்னு பார்த்தேன். உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டார். பயமா இருக்குன்னு சொல்லத் தெரியாம கத்திட்டார்."

அடப்பாவி மனுஷா! என் கை நடுங்கியது எனக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் வீசி எறிந்த சொல்லையும் எடுத்துக் கழுவி அப்பாவின் முன் வைத்துவிட்டார். பின்சீட்டில் உட்கார்ந்து, இந்த வயதில், தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்பா சட்டைப்பையிலிருந்து தன் கார்ச் சாவியை எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். "இந்தாடா. பிரேக் கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்குது. பார்த்து வை."

இன்று பட்டறைக்கு வருகிற யாரிடமும் நானாகவே சொல்லிவிடுவேன்: பக்கத்தில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறாரே, அவர் என் தங்கை புருஷன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் சொல்வேன், எனக்கென்ன வெட்கம்?

அப்பாவை இப்போது நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். நேற்று ஒருவன் கை காட்டாமல் குறுக்கே புகுந்தான். நான் கண்ணாடியை இறக்கி வாயைத் திறப்பதற்குள் அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஊத்திக்கோ. விழுங்கிடாதே."