ரோட்டைத் தாண்டிக் கொளுத்திய சூடம்

நாமக்கல்லில் டேங்கர் லாரிப் பட்டறைகளைப் பார்க்க வேண்டும், வழி சொல்லுங்கள் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். எண்ணெய்க் கம்பெனியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். என் முதல் வெளிவேலையே அந்த ரோட்டில்தான், எண்பதுகளின் தொடக்கத்தில்.

சேலத்தில் காலை ஆறரை பஸ். ராசிபுரம் வழியாக ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், அப்போது டிக்கெட் ஐந்து ரூபாய். இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும். ரிப்பேர் முடிந்த பெட்ரோல் டேங்கரைச் சோதித்துச் சான்று தர வேண்டும். ஒரு புகார் வந்தாலும் திரும்ப ஆபீஸ் நாற்காலிதான் என்று மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று, நான் தவறுவதற்காகக் காத்திருந்தவர் அவர்.

பட்டறையில் டேங்கருக்கு மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். உரிமையாளர் ஒரு விவசாயி. அவருடைய முதல் டேங்கர். சொந்தபந்தம் கூடி நின்றது. நான் ஏணியில் ஏறி மூடியைத் திறந்தேன். குப்பென்று பெட்ரோல் வாடை. டேங்கைக் கழுவவே இல்லை! நிறைந்த டேங்கரைவிடக் காலி டேங்கர் மோசம். உள்ளே நிற்கிற ஆவிக்கு ஒரு பொறி போதும். கீழே பார்த்தால் உரிமையாளர் கையில் சூடத்தட்டு, பக்கத்து ஆள் கையில் தீப்பெட்டி.

மூடியை அடைத்துவிட்டு இறங்கி, தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். உரிமையாளர் முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க அம்மிணி, சாமிக்குச் சூடம் காட்டறதுக்கும் உங்க ஆபீஸ்ல கேக்கோணுங்களா?"

நல்ல நேரம் போகிறது, உங்கள் அதிகாரிக்குப் போன் போடுகிறேன் என்றார். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாராளமாகப் போடுங்கள் என்றேன்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொளுத்துங்க. இங்கே கொளுத்தினா கும்பிட ஒருத்தரும் மிஞ்ச மாட்டீங்க."

அவர் மனைவி புருஷன் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி நடந்தார். சனம் பின்னாலேயே போனது. கடைசியாக உரிமையாளரும் போனார். அதற்கப்புறம்தான் தீப்பெட்டியைக் கொடுத்தேன். மத்தியானம் டேங்கைக் கழுவிக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். அவர் போன் போட்டாரோ என்னவோ, நான் நாற்காலிக்குத் திரும்பவில்லை.

சில வருஷம் கழித்துத் திருச்செங்கோட்டுப் பக்கம் வேறொரு பட்டறை. பூசை நேரத்தில் டேங்கரை ஒட்டி நின்ற என்னை ஒரு டிரைவர் கூப்பிட்டார்.

"இந்தப் பக்கம் வந்துருங்க அம்மிணி. டேங்கருக்கு ரோட்டைத் தாண்டித்தானுங்க சூடம் காட்டோணும். ஐதீகமுங்க."

மறுபேச்சுப் பேசாமல் போய் நின்று திருநீறு பூசிக்கொண்டேன்.

நீங்கள் போனால் பருத்தி உடுத்துங்கள். நைலானிலும் பொறி கிளம்பும். பூசை நடந்தால் ரோட்டைத் தாண்டி நில்லுங்கள். காரணம் கேட்டால் ஐதீகம் என்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அது பிறந்த அன்று தீப்பெட்டி என் கைக்குள்தான் இருந்தது, வியர்வையில் நனைந்து.