நாவல்மேட்டைப் படித்துக் காட்டிய ஞாயிறு

தலையில் இருந்த அலுமினியக் குண்டானின் சூடு சும்மாட்டுத் துணியையும் தாண்டி என் உச்சியில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பாதி வெந்த சோறு. பீர்க்கன்கரணையை விட்டு ஜி.எஸ்.டி. சாலையோரமாக இரும்புலியூர் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் பாய்ச் சுருட்டோடு அம்மா, பின்னால் எங்கள் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டெல்லா டீச்சர். எனக்கு அப்போது பதின்மூன்று வயதிருக்கும்.

டீச்சர் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சரித்திரம் நடத்தியவர். எனக்கு நடத்தியதில்லை, நான் ஏழாவதோடு நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் குடையையும் டேப் ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டு அவர் ஊரப்பாக்கம் வரை ஏரி ஏரியாக அலைவார். "ராஜா கத பத்தாதுன்னு இந்த டீச்சர் குட்டையெல்லாம் எண்ணிகினு கீது" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அவர் அந்தக் கேலிக்காரர்களிடமே பழைய மதகு எங்கே இருந்தது என்று விசாரிப்பார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் சொன்னதை எழுதினாலும் அதை அவர்கள் வீட்டுக்கே வந்து உரக்கப் படித்துக் காட்டுவார். சொன்னவர் வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிடுவார்.

பீர்க்கன்கரணை ஏரியைப் பற்றி அவருக்கு நிறையச் சொன்னது, கரையோர நிலத்தை மனை போட்டு விற்றிருந்த ஒரு பெரிய வீட்டுக்காரர். அந்த வீட்டில்தான் அம்மா ஏனம் கழுவினார். பின்கட்டில், மாடு இல்லாத மாட்டுக்கொட்டகையில் நாங்கள் இருந்தோம். ஏரிகளைப் பற்றி டீச்சர் எழுதிவந்த புத்தகத்தின் அச்சுச் செலவையும் பெரியவரே ஏற்பதாக இருந்ததால், படித்துக் காட்டும் நாளன்று சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார். டீச்சர் படித்தார்: ஏரித் தண்ணீர் தேங்கும் உள்வாயோரம் நாவல்மேடு என்று ஒரு குடியிருப்பு இருந்தது, ஒரு மழைக்காலத்தில் அங்கிருந்தவர்கள் தாமாகவே காலி செய்து போனார்கள்.

"தானா ஒண்ணும் போவல டீச்சர்."

தண்ணீர் சொட்டும் கையோடு அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். "நான் அங்க பொறந்தவ. ஏரி ரொம்புனா தண்ணி வழியிற கலங்கல்ல மணல் மூட்டய அடுக்கி அடச்சிட்டாங்க. தண்ணி பின்னால ஏறி அடுப்புக்குள்ள பூந்துச்சி. அப்புறம் எங்க இருக்கிறது? நாங்க போன எடந்தான் மனையாச்சி."

"போய் வேலையப் பாரு," என்றார் பெரியவர். "அப்ப உனக்கு மூக்கு ஒழுகிகினு இருந்துச்சி, நீ இன்னாத்த கண்ட?"

"மூக்குதான் ஒழுவிச்சி. கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிச்சி."

யாரோ சிரித்துவிட்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "ஆறு மாசமா இவங்க கையால டீ வாங்கிக் குடிக்கிறேன். எந்த ஊருன்னு ஒரு தடவை கேக்கலையே," என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்க பேரு என்ன அக்கா?" என்றார். அந்த வீட்டில் 'ஏம்மே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அஞ்சலை என்று சொல்லி, அம்மா மீதியையும் சொன்னார். அடுத்த ஞாயிறு டீச்சர் அதை எழுதி எடுத்துவந்து, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். சன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் வெளியே வந்து அம்மாவிடம், அதை அடிக்கச் சொல், இல்லை என்றால் கொட்டகையைக் காலி செய் என்றார். அது அம்மா சொன்னது. அடிக்கச் சொல்ல அம்மாவால்தான் முடியும். அம்மா உள்ளே போய்ச் சோற்றை அடுப்பிலிருந்து இறக்கினார்.

அப்படித்தான் அந்த நடை. இரும்புலியூர் நெருங்கும்போது டீச்சர் நின்றார். "அக்கா, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. நான் எடுத்துடறேன். நாலு வரிதானே. திரும்பிப் போயிடுங்க, புள்ளையோட எங்க நிப்பீங்க?"

அம்மா திரும்பிப் பார்த்தார். "எடுத்தா மட்டும் சோறு வெந்துடுமா? நாலு வரிதான்னு நீயே சொல்ற. அது இருந்துட்டுப் போவட்டும்."

டீச்சர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார், அம்மா போகவில்லை. தெரிந்த ஒருத்தியின் வீட்டுச் சார்ப்பில் அடுப்பு மூட்டி அந்தச் சோற்றை மறுபடி வேகவைத்தோம். குழைந்துபோயிருந்தது, தின்றோம்.

பெரியவர் கைவிரித்ததால் புத்தகம் வர வருடங்கள் ஆயின. மெலிந்த புத்தகம், மட்டமான தாள். அதற்குள் நான் ஓசூர், குண்டூர் என்று எங்கெங்கோ வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். இன்று டீச்சர் இல்லை, அம்மாவும் இல்லை. நாவல்மேடு இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி, காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் கலங்கல் எந்தப் பக்கம் என்று கேட்டேன், அப்படி என்றால் என்ன என்றார். புத்தகத்தில் அந்த நாலு வரி இருக்கிறது, சொன்னவர் அஞ்சலை என்று.

அந்தப் பதின்மூன்று வயதில், சார்ப்பில் படுத்து எழுந்த மறுநாள் காலையே இரும்புலியூரில் ஒரு லாரி ஷெட்டில் போய் வேலை கேட்டேன். "எந்த ஊர்டா?" என்றார் மேஸ்திரி. அதுவரை பீர்க்கன்கரணை என்றுதான் சொல்லிவந்தேன்.

"நாவல்மேடு அண்ணா."

"அது எங்க கீது?"

"இப்ப இல்ல. புக்குல வரப்போவுது."

"வரட்டும், வரட்டும். நீ மொதல்ல வண்டிக்கு அடில போ," என்று சொல்லி, என் கையில் கிரீஸ் டப்பாவைக் கொடுத்தார்.