சீப்பக்காவும் மிளகின் பின்னங்காலும்

என் ஓரகத்திக்குக் கை சும்மா இருக்காது. அது ஒரு வியாதி என்றே நான் சொல்வேன். பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத ஆளின் காலர் மடங்கியிருந்தால் எட்டி நிமிர்த்திவிடுவாள். துக்கம் கேட்கப் போன வீட்டில் சாய்ந்திருந்த படத்தை நேராக்கியிருக்கிறாள். என் தலைமுடி விஷயத்தில் மட்டும் அவள் ஜம்பம் பலித்ததில்லை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து, "ஏண்டி, இப்படி வந்து உக்காரு, சீவி விடறேன், பாக்கச் சகிக்கல" என்பாள். "போக்கா, நான் என்ன குதிரையா?" என்று கையைத் தட்டிவிடுவேன்.

குதிரை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அவள் வேலையே அதுதான். ஊருக்கு வெளியே, கண்காட்சிக் குதிரைகள் வளர்க்கிற லாயம். ஓடிப் பரிசு வாங்குகிற குதிரைகள் இல்லை இவை. வளையத்துக்குள் நடந்து காட்டி, அசையாமல் நின்று, அழகுக்கும் நடைக்கும் மார்க் வாங்குகிறவை. நடுவர் ஒரு முடி விடாமல் பார்ப்பார். அந்த முடியையெல்லாம் ஒழுங்கு பண்ணுகிறவள் இவள். இடுப்பில் எப்போதும் ஓர் இரும்புச் சீப்பும் ஒரு துணியும் செருகியிருக்கும். அதனால் லாயத்தில் எல்லோருக்கும் அவள் சீப்பக்கா. எனக்கு அதே லாயத்தின் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில் வேலை. குதிரைப் போர்வை, சேணத்துக்கு அடியில் போடுகிற மெத்தை, காலில் சுற்றுகிற கட்டுத்துணி எல்லாம் என் தொட்டிக்குத்தான் வந்து சேரும்.

அவள் கணவர், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், குதிரை என்றாலே உதறுகிற ஆள். சாப்பாடு கொண்டுவந்தால் வாசல் கேட்டோடு சரி. "உள்ள வந்து பொண்டாட்டியப் பாத்துட்டுப் போங்களேன்" என்று காவலாளி சீண்டினால், "வீட்லயே பாக்கறேன்பா, அது போதும்" என்பார். ஒரே மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அக்காவின் பாசம் முழுக்க ஒரு குதிரைமேல் போய் இறங்கியது. கறுகறு என்று ஒரு பெண் குதிரை. கண்காட்சியில் அதற்கு வாயில் நுழையாத ஒரு நீளப் பெயர் உண்டு. லாயத்தில் மிளகு.

நாங்களெல்லாம் மிளகை அது என்போம். அக்கா மட்டும் அவள் என்பாள். "அவளுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல." "அவ என்னைப் பாத்து முறைக்கிறா." கேட்டால் பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

ஒருநாள் வேனிலிருந்து இறக்கும்போது மிளகு மிரண்டு உதறியது. இறங்குகிற பலகைக்கும் வண்டிக்கும் நடுவே பின்னங்கால் மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில், முட்டிக்குக் கீழே முன்பக்கத் தோல் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து தொங்கியது. ஐயோ, அந்தக் காலை நான் பார்த்தேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மருத்துவர் வந்தார். சின்ன வயசுப் பெண், குள்ளம், கன வேகம். தைக்கிற அளவுக்குத் தோல் மிச்சமில்லை, தானாக மூடினால்தான் உண்டு என்றார்.

முதலாளியம்மா வந்து நின்று பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. "அடுத்த சீசனுக்குள்ள கால் சரியாயிட்டா மிளகு இங்கயே இருக்கட்டும். இல்லன்னா யார் கேட்டாலும் தள்ளிவிட்டுடுவேன். வடு இருக்கற குதிரைய நிக்க வெச்சுத் தீனி போட என்னால முடியாது."

அக்கா தலையாட்டினாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் வேறு வேலை இல்லாமல் போனது.

குதிரைக்கு உடம்பில் எங்கே அடிபட்டாலும் ஆறிவிடும். முட்டிக்குக் கீழே பட்டால்தான் தலைவலி. அங்கே தோலும் நரம்பும் எலும்பும்தான், மெத்தென்று சதையே கிடையாது. புண்ணை நிரப்ப உள்ளிருந்து புதுச் சதை வரும். வந்து தோல் மட்டத்தோடு நின்றால் நல்லது. நிற்காது. பாத்திரத்தை விட்டு மாவு பொங்கின மாதிரி மேலே மேலே வரும். நாங்கள் பொங்குசதை என்போம். ஓரத்திலிருந்து வருகிற தோல் அந்த மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிடும். புண் மூடவே மூடாது.

மிளகுக்கும் பொங்கியது. செக்கச்செவேல் என்று, மேலெல்லாம் குருணை குருணையாக. மருத்துவர் வந்து தோல் மட்டத்துக்குச் சீவி எடுத்தார். அந்தச் சதைக்கு உணர்ச்சி கிடையாதாம், குதிரை பாட்டுக்கு வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. ரத்தம்தான் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது. மருந்து தடவி, பஞ்சு வைத்து, அழுத்திக் கட்டுப் போட்டார்.

"அக்கா, நல்லா கேட்டுக்குங்க," என்றார் மருத்துவர். "இந்த அழுத்தம்தான் மருந்தே. நடக்க விடாதீங்க. நான் வந்து பிரிக்கற வரைக்கும் யாரும் கட்டை அவிழ்க்கக் கூடாது. சரியா?"

"சரிங்க டாக்டர்," என்றாள் அக்கா. அவள் முகத்தைப் பார்த்தால் சத்தியமே செய்துவிட்டாள் என்று தோன்றும்.

மறுபடி பொங்கியது. மறுபடி சீவினார்கள். மறுபடியும் பொங்கியது. மருத்துவர் மருந்தை மாற்றிப் பார்த்தார், கட்டுகிற விதத்தை மாற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் தலையெழுத்து என்று லாயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா இளைத்துப்போனாள். மகள் போன் பண்ணினால்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேச்சு ஓடவில்லை.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். துணி துவைக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்? மருத்துவர் எப்போதாவதுதான் வந்து கட்டு மாற்றுகிறார். என் தொட்டிக்கோ தினமும் கட்டுத்துணி வருகிறது. அந்தச் சமயம் லாயத்தில் வேறு எந்தக் குதிரைக்கும் காலில் கட்டு இல்லை. ஒருநாள் ஈரத்துணியோடு நேரே மிளகின் கொட்டடிக்குப் போனேன்.

"அக்கா, நீ தினமும் அவுக்கறியா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கத்தாதடி. அவ பயந்துக்குவா."

"அவ பயப்படட்டும். நீ அவுக்கறியா இல்லையா?"

"பாக்காம எப்படிடி இருக்கறது? உள்ள அழுக்குச் சேந்தா? ஓரத்துல வெள்ளையா, ஆடை மாதிரி ஒண்ணு படியுது. அதை மட்டும் பூப்போலத் துடைச்சு எடுத்துட்டு, டாக்டர் கட்டின மாதிரியே திரும்பக் கட்டிடறேன். அவ கால் சுத்தமா இருக்கணுமா வேணாமா?"

எனக்கு வந்த கோபத்தில் ஈரத்துணியை அங்கேயே போட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டேன். கோள் சொல்லிவிட்டாள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். சாயங்காலம் அவர் வந்தார். கட்டைப் பிரித்தார். அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மருத்துவர் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கீழே உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். விளக்கை நெருக்கிக் காட்டினார். புண்ணின் ஓரத்தில், மேல்பக்கமாக, நகக்கண் அகலத்துக்கு ஒரு வெளிறிய கோடு. அன்று காலை துடைத்ததில் தப்பி மிஞ்சியிருந்தது.

"இதைத்தானே துடைச்சீங்க?"

"ஆமா டாக்டர். அழுக்கு."

"அழுக்கு இல்லக்கா. தோல். புதுசா வர்ற தோல் இப்படித்தான் இருக்கும்."

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த துணியை உருவி, சுருட்டி, என் கையில் கொடுத்தாள். வேறு யாராக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் சோம்பேறி கையில் கிடைத்திருந்தால் அந்தக் கால் எப்போதோ ஆறியிருக்கும். கண்காட்சிக் குதிரையைத் துடைத்துத் துடைத்துப் பழகின கைக்கு, மின்னாதது எல்லாம் அழுக்காகத்தான் தெரியும்.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "சின்ன வயசுல உனக்கு முழங்கால்ல அடிபட்டுச்சே, அந்த வடு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது. "இல்லாம? நீ என்னிக்கு அதை ஆற விட்ட? பொருக்கு தட்டினா போதும், சுத்தம் பண்றேன்னு வந்துடுவியே. ஏம்மா, இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான்," என்றாள் அக்கா.

மறுபடி ஒரு தடவை சீவிக் கட்டினார்கள். இந்தத் தடவை அக்கா அந்தக் காலைத் தொடவில்லை. மிளகை உச்சி முதல் வால் வரை தேய்த்தாள், மற்ற மூன்று குளம்புக்கும் எண்ணெய் போட்டாள், அந்தப் பின்னங்காலுக்கு வந்தால் எழுந்து போய்விடுவாள். அடங்காத கையெல்லாம் வீட்டுக்கு வந்தது. பாத்திரங்கள் தேய்ந்து பாதியாயின. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாகப் பளபளத்தது. தன் வீட்டுக்காரரைப் பிடித்துக் காது குடைந்தாள், நகம் வெட்டினாள், முதுகு தேய்த்தாள். அவர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். அந்தக் குதிரைக் காலை எப்படியாவது இவகிட்ட குடுத்துடச் சொல்லு. என் தோல் உரிஞ்சுடும் போலிருக்கு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

வெள்ளைக் கோடு அகலமானது. நாலா பக்கமிருந்தும் உள்ளே நகர்ந்து வந்தது. ஒருநாள் மருத்துவர் கட்டைப் பிரித்தபோது ஈரமே இல்லை. மூடிவிட்டது. வழவழவென்று முடியில்லாத வடு. "இப்ப உங்க கைக்கு வேலை இருக்குக்கா," என்றார் மருத்துவர். "எண்ணெய் போட்டுப் பதமா நீவி விடுங்க. தோல் எலும்போட ஒட்டிக்கக் கூடாது." அக்காவுக்கு அன்று வந்த சந்தோஷத்தை நான் எழுதி முடியாது. என்னிடம் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையும் மாலையும் கட்டைவிரலால் நீவினாள். சுற்றிலுமிருந்து முடி வளர்ந்து மூடிக்கொண்டு வந்தது. கடைசியில் மிஞ்சியது கட்டைவிரல் அளவு ஒரு தழும்பு, மேலே கொஞ்சம் வெள்ளை முடி.

சீசன் வந்தது. கண்காட்சிக்கு நானும் போனேன். வளையத்துக்குள் விடுகிற நேரத்தில், குதிரை நடத்துகிற மீசைக்காரர் ஒரு டப்பாவை நீட்டினார். "வெள்ளை தெரியுதுக்கா. கொஞ்சம் கறுப்புத் தடவிவிடு. எல்லாரும் செய்யறதுதான்." அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு தடவினாள். மிளகுக்கு இரண்டாம் பரிசு. எனக்குக் கை தட்டித் தட்டி எரிந்தது. அக்கா குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "இனிமே நீ எங்கயும் போக மாட்ட" என்றாள்.

அப்போதுதான் முதலாளியம்மா வேறொரு பெண்மணியோடு வந்தார். உயரமான ஆள், அமைதியான பேச்சு. எங்கோ தூரத்தில் பெரிய லாயம் வைத்திருப்பவராம். மிளகைச் சுற்றி வந்து பார்த்தார். பின்னங்காலைத் தடவினார். விரலில் கறுப்பு ஒட்டியது. விரலைத் தூக்கி முதலாளியம்மாவிடம் காட்டினார்.

"சின்னக் காயம்தான், ஆறிடுச்சு," என்றார் முதலாளியம்மா. அவர் முகம் சிவந்துவிட்டது. பிறகு எங்கள் பக்கம் பார்க்காமலே, "நல்ல இடம். இப்படி ஒரு ஆள் திரும்பக் கிடைக்காது. குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

அடிப்பாவி! கால் சரியானால் இங்கேயே இருக்கும் என்று சொன்ன வாய் இது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்மணி அக்காவிடம் திரும்பினார்.

"நீங்கதான் பாத்துக்கறீங்களா?"

"ஆமாங்க."

"எனக்குக் குதிரை பிடிச்சிருக்கு. இந்தக் கால் ஒண்ணுதான் யோசனை. இந்த இடத்துல சதை திரும்பப் பொங்கி வருமா? நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணப்போறேன்."

வரலாம். அக்கா அந்த ஒரே வார்த்தை சொன்னால் போதும், மிளகு இங்கேயே இருந்துவிடும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வரலாம் என்பது பொய்கூட இல்லை, யார் கண்டது? பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன்.

அக்கா கீழே உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த துணியால் அந்தக் கறுப்பு முழுவதையும் துடைத்தெடுத்தாள். வெள்ளை முடி வெளியே தெரிந்தது. அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துத் தழும்பின்மேல் வைத்தாள்.

"அழுத்திப் பாருங்க. தோல் நகருதுல்ல? அடியில மேடு இல்ல, சூடு இல்ல. வராதுங்க. கை வைக்காம இருந்தா வராது."

அந்தப் பெண்மணி தலையசைத்தார். சாயங்காலத்துக்குள் மிளகை அவர்கள் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கூட வந்த ஆளிடம் அக்கா, அவளுக்கு எந்தக் காது கூசும், எந்தப் பக்கத்திலிருந்து கிட்டே போக வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். வண்டி திருப்பத்தில் மறைகிற வரை நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்தேன். "உனக்கு மூளை இருக்காக்கா? வரலாம்னு ஒரு வார்த்தை! உன் வாயில முத்தா உதிர்ந்துடும்? உன் குதிரை உன்கிட்ட இருந்திருக்கும்ல!"

"அந்தக் காலைப் போய் எப்படிடி கெட்ட காலுன்னு சொல்றது?" என்றாள். "நல்லா இருக்குடி அது. எவ்வளவு நல்லா ஆயிடுச்சு தெரியுமா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பிலிருந்த சீப்பை எடுத்து அதில் ஒட்டியிருந்த கறுப்பு முடியை ஒவ்வொன்றாக உருவினாள். அதுவும் தீர்ந்தது. கை இரண்டும் மடியில் கிடந்தன. இத்தனை வருஷத்தில் அந்தக் கை இரண்டும் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

போய் என் சீப்பை எடுத்துவந்து அவள் மடியில் போட்டேன். அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

"என்னடி இது?" என்றாள்.

"பாக்கச் சகிக்கலன்னு சொல்லுவியே. சீவி விடு."

சிக்கெடுக்கத் தொடங்கினாள். என் கழுத்தில் சொட்டுச் சொட்டாக அவள் கண்ணீர் விழுந்தது. முடியைப் பிய்த்துவிடுகிற மாதிரி இழுத்தாள். வலித்தது. நான் நகராமல் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.