வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் சம்மதம்

‘வேண்டாம்’ என்று சொல்ல வருகிறவர்களுக்குப் படிவம் கொடுப்பதும் ஒரு வேலைதான். அந்தப் படிவம் அதிகம் பேர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம் தருகிறார்கள் என்பது சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திருவொற்றியூரில் ஒரு சமூகக் கூடம், ஒரு பிளாஸ்டிக் மேஜை, ‘பெறப்பட்டது’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப், மூன்று வார ஒப்பந்தம். வட்டாரத்து வீடுகளுக்கெல்லாம் மொத்தமாகக் கரண்ட் வாங்கித் தருகிறோம் என்று ஒரு திட்டம். எல்லா வீடும் தானாகவே சேர்ந்துவிடும். வேண்டாம் என்பவர்கள் மட்டும் எழுதிக் கொடுக்கவேண்டும். சேர்ந்தால் அரசாங்கம் தருகிற இலவச நூறு யூனிட் போய்விடும். கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் போடாத விதிக்காகத் திட்டு வாங்கியவர் நீங்களும் என்றால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நோட்டீஸின் பின்பக்கம்

நோட்டீஸின் முன்பக்கத்தில் சிரிக்கிற சூரியன், பச்சை மரம். நூறு யூனிட் போகும் என்ற விஷயம் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். முதல் நாள் ராயபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். கண்ணாடி கொண்டுவரவில்லை. பின்பக்கத்தை நானே உரக்கப் படித்துக் காட்டினேன். அவருக்குப் பின்னால் நின்ற பத்துப் பேரும் உடனே படிவம் கேட்டார்கள்.

மத்தியானம் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத பொறுமை. கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

“மேடம், ஜனங்க கேக்காத கேள்விக்கு நீங்க ஏன் பதில் சொல்றீங்க?”

கடலுக்குப் போன கையெழுத்து

வேண்டாம் என்று எழுதுவதற்கு, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். சேருவதற்கு எந்தக் கையெழுத்தும் தேவையில்லை. இந்த இரண்டு வரியையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்கவேண்டும். அந்த ஆள் காசிமேட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். நோட்டீஸ் ஒட்டப் போனது விடியற்காலையில். ஆண்கள் விசைப்படகில், பெண்கள் மீன் ஏலத்தில். பூட்டிய கதவுகளில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, ‘நேரில் வழங்கப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்கள்.

அப்படி ஒரு கதவின் சொந்தக்காரி வந்தார். இணைப்பு புருஷன் பெயரில், அவரோ விசைப்படகில் போயிருக்கிறார், திரும்ப இன்னும் பத்து நாள் ஆகும். அதற்குள் கெடு முடிந்துவிடும். “நானே கையெழுத்து போடுறேம்மா” என்றார். அவர் போட்டால் செல்லாது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தில் கையெழுத்தைப் போட்டு, மேஜையில் வைத்து அழுத்தியபடி அவர் சொன்னார்:

“அப்போ நடுக்கடல்ல ஒரு மேஜை போடச் சொல்லு. வலைய இழுக்குறப்போ கையெழுத்து போட்டுட்டு வருவாரு.”

அந்தப் படிவத்தை என் இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன்.

தனத்தின் மாமனார்

எண்ணூர் குப்பத்துத் தனம் வந்தது இரண்டாவது வாரம். கருவாட்டு வியாபாரம். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு ஃபேன், இரண்டு லைட்டு. நூறு யூனிட்டைத் தாண்டியதே இல்லை. அதனால் கரண்ட் பில் என்று ஒன்று அந்த வீட்டுக்கு வந்ததும் இல்லை. திட்டத்தில் சேர்ந்தால் முதல் யூனிட்டிலிருந்தே பில். மழைக்காலத்தில் கருவாடு காயாது, வியாபாரமும் கிடையாது. அப்போது பில் வந்தால் ஃபேனை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. எண்ணூர்க் கொசுவில் ஃபேன் இல்லாமல் பிள்ளைகள் தூங்கிய மாதிரிதான்.

இணைப்பு அவர் மாமனார் பெயரில். மாமனார் செத்து ஆறு வருஷம். எங்கள் பக்கத்தில் யார் பெயரை மாற்றுகிறார்கள்? மீட்டர் ஓடுகிறதா, போதும். விதியை நான் படித்தேன். இணைப்புதாரரே நேரில் வரவேண்டும். தனம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவரு கையெழுத்துக்கு நா எங்கம்மா போறது, சுடுகாட்டுக்கா?”

என் வீட்டுக் கதை

ஊருக்கெல்லாம் படிவம் நீட்டுகிற எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்தது மூன்றாவது வாரம்தான். வாடகை வீடு. மீட்டர், மாதவரத்தில் இருக்கிற வீட்டுக்காரர் பெயரில். ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடுங்கள் அண்ணே என்று போனில் கெஞ்சினேன்.

“கரண்டு நீ யூஸ் பண்ற, பில்லு நீ கட்ற, கையெழுத்துக்கு மட்டும் என்னை இன்னாத்துக்கும்மா இஸ்க்குற?”

கடைசி நாள், நாலரை மணி

கெடு ஐந்து மணிக்கு. தனம் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பிளாஸ்டிக் கவரில் மாமனாரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தாரோ, அன்றைக்குக் கடையும் போடவில்லை. படிவத்தில் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு நீட்டினார்.

சூப்பர்வைசர் கவரைத் திறக்கக்கூட இல்லை. “முதல்ல பேர் மாத்திட்டு வாங்கம்மா. அப்புறம் வேண்டாம்னு எழுதலாம்” என்றார். பெயர் மாற்ற ஒரு மாதம் ஆகும். இருப்பது அரை மணி. அதுவரை மாமனார் சம்மதித்ததாகத்தான் கணக்கு என்றும் விளக்கினார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தனம் குரலை உயர்த்தவே இல்லை.

“உசுரோட கீறவ ஒரு வாரமா வேணாம் வேணாம்னு கத்திகினு கீறேன், உன் காதுல வுழல. செத்துப் போனவரு சரின்னு சொன்னது மட்டும் உனக்குக் கேட்டுச்சா?”

என்னால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை. ஸ்டாம்பை எடுத்துத் தனத்தின் படிவத்தில் குத்தினேன். இழுப்பறையைத் திறந்து காசிமேட்டுக்காரி படிவத்தில் குத்தினேன். ‘செல்லாது’ என்று நான் ஓரங்கட்டி வைத்திருந்த எல்லாவற்றிலும் குத்தி, பதிவேட்டில் ஏற்றினேன். முத்திரை விழுந்த படிவத்தை நிராகரிப்பதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். அதுவும் அவர்கள் போட்ட விதிதான். செத்தவர் சம்மதித்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட அங்கே ஒருவருக்கும் தைரியம் இல்லை. தனத்தின் நூறு யூனிட் தப்பியது. என் வீட்டுக்காரர் வருவார் என்று காத்திருந்து நான் படிவமே எழுதவில்லை, அவர் கடைசிவரை வரவே இல்லை, அதனால் என் நூறு யூனிட் போனது.

மறுநாள் காலையில் வேலையும் போனது. யாரைக் கேட்டு ஸ்டாம்ப் குத்தினாய் என்றார்கள். குத்தும்போது சூப்பர்வைசர் பக்கத்தில்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை, நம் விதிப்படி அது சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.