ஞானராஜ் சார் வீட்டுக் கடல்

போன வாரம் சனிக்கிழமை காலை. பேப்பரை எடுக்க வெளியே போனால், கேட்டுக்கு அந்தப் பக்கம் ஞானராஜ் சார். உள்ளே வராமல் நிற்கிறார்.

"போயிடுச்சு சார்" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. "யாரு சார்?"

"பெருசு."

மூச்சு வந்தது. பெருசு என்பது மனிதர் அல்ல. அவர் வீட்டு மீன் தொட்டியில் இருந்த ஒரு உயிருள்ள பவளம்!

சாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சிட்லபாக்கம் தெருவில் நான்கு வீடு தள்ளி இருப்பவர். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் எட்வின், சாஃப்ட்வேர் வேலைக்கு அமெரிக்கா போனபோது ஒரு கடல்நீர்த் தொட்டியை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனான். உள்ளே எல்லாம் மென்பவளங்கள். கல் மாதிரி இருக்காது, சதை மாதிரி இருக்கும், அலையில் ஆடும். கிடுகிடுவென்று வளரும். பிளேடால் ஒரு துண்டு நறுக்கி, சின்னக் கல்லில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் அதுவும் தனியாக ஒட்டி வளரும். எட்வின் அப்படித்தான் ஊரெல்லாம் நண்பர்களுக்குத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தான். அவற்றில் காளான் மாதிரி குடை விரித்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து நின்றதுதான் பெருசு.

தண்ணீர் சூடானால் இவை தாங்காது. அதனால் தொட்டி இருக்கும் அறைக்கு ஏ.சி. அப்பாவுக்கு ஹாலில் ஃபேன்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகும் முன் மகன் கம்ப்யூட்டரில் வருவான். பெருசு எப்படி இருக்கு, எவ்வளவு விரிஞ்சிருக்கு, உப்பு சரியா இருக்கா... அரை மணி நேரம் ஓடிவிடும். பிள்ளைகள் வெளிநாடு போன வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? பேசுவதற்கென்று எதையாவது விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நாய். இன்னொரு வீட்டில் யாரும் ஓட்டாத கார். இங்கே பவளம்.

"எப்படி சார் போச்சு?"

"ஒரு வாரமா சுருங்கிக்கினே வந்துச்சு. மேல வெள்ளையா, மெழுகு பூசின மாதிரி ஆயிடுச்சு. அழுகினா மொத்தத் தண்ணியும் விஷமாயிடும்னு எட்வின் சொல்லியிருக்கான். அதான் எடுத்து, பேப்பர்ல சுத்தி, குப்பைத் தொட்டியில போட்டுட்டேன். நேத்தே லாரிக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிட்டான். போன வாரம் கேமரா ரிப்பேர்னு அவன்கிட்ட பொய் சொல்லிட்டேன் சார். நாளைக்கு என்ன சொல்றது?"

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் லெக்சரராக இருக்கும் பிரபு, எட்வினின் நண்பன். பெருசிலிருந்து துண்டு வாங்கிப் போனவன். அவனிடம் ஒரு துண்டு திருப்பிக் கேட்கலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன். சானடோரியம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி பிடித்து அவன் வீட்டுக்குப் போனோம்.

பிரபு விஷயத்தைக் கேட்டான். அவன் முகம் மாறிவிட்டது.

"மேல மெழுகு மாதிரின்னா சொல்றீங்க? ஐயோ அங்கிள்... அது செத்திருக்காது. தோல் உரிக்கும். அப்பப்போ அப்படித்தான் மூடிக்கும். சும்மா விட்டிருந்தா உரிஞ்சு போய் மறுபடி விரிஞ்சிருக்கும். எட்வின் சொல்லலையா?"

சொல்லவில்லை. உப்பைச் சொன்னான், விளக்கைச் சொன்னான், கரண்ட் போனால் பேட்டரி பம்ப் போடச் சொன்னான். இதை மறந்துவிட்டான். யாரைக் குற்றம் சொல்ல?

பிரபு நறுக்கிக் கொடுத்த துண்டு எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. தண்ணீரும் காற்றும் நிரப்பிய பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டித் தந்தான். ரயிலில் சார் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வண்டலூர் தாண்டியபோது, "உசுரோட இருந்ததைத்தானே சார் கொண்டு போய்ப் போட்டேன்" என்றார்.

எலுமிச்சம்பழத்தைக் காட்டி சாப்பாட்டுத் தட்டு என்று ஏமாற்ற முடியுமா? உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். தைரியத்துக்கு என்னையும் கூப்பிட்டார். ஞாயிறு காலை, சர்ச்சுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்து நாற்காலியில்.

எல்லாவற்றையும் சொன்னார்.

எட்வின் சிரித்தான். கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"விடுங்க டாடி, போனா போகுது! நானே சொல்லணும்னு இருந்தேன். எதுக்கு உங்களுக்கு இந்த வேலை, ஏ.சி. வேற தண்டமா ஓடுது. மொத்தத்தையும் பிரபுகிட்ட குடுத்துடுங்க, நான் அவன்கிட்ட சொல்லிடறேன். இங்க வீடு வாங்கப் பாத்துட்டிருக்கோம் டாடி. நான் எங்க திரும்பி வந்து இதெல்லாம் வளர்க்கப் போறேன்?"

"சரிப்பா."

"வேற என்ன டாடி?"

ஞானராஜ் சார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, தேடித் தேடிப் பார்த்தார்.

"வேற ஒண்ணுமில்லப்பா. சாப்பிட்டியா?"

சாப்பிட்டானாம். ஐந்து நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிட்டது. சார் எழுந்து சர்ச்சுக்குப் போனார். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பிரபு வந்தான். ஆட்டோவில் பெரிய பெரிய பிளாஸ்டிக் டப், கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு. நான் அப்போது சார் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தேன்.

சார் கேட்டைப் பாதிதான் திறந்தார்.

"உனக்கு வீண் அலைச்சல் தம்பி. எட்வின் காலையில போன் பண்ணான். குடுக்க வேணாம்னுட்டான். அடுத்த வருஷம் வந்துடறானாம், அவனே பாத்துப்பானாம்."

பிரபு நம்பாமல் என் முகத்தைப் பார்த்தான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.