என் தடத்தில் கால் வைத்தவர்

1972-ஆம் வருடம், ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக இருந்த மழைக்காலம். உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், காய் உலர்த்தும் ஸ்டோருக்கு நான்தான் காவல். பட்டாளத்திலிருந்த அண்ணன் முந்தைய டிசம்பர் பாகிஸ்தான் சண்டையில் இறந்துபோனான். தந்திதான் வந்தது, உடல் வரவில்லை. "எப்படிப் போனான்?" என்று அம்மா கேட்காத நாள் கிடையாது. எனக்குப் பதில் தெரியாது.

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், அண்ணனோடு பட்டாளத்தில் இருந்ததாகவும் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு மாதம் முன்பு இதே பேச்சோடு வந்த ஒருவன், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அண்ணனின் கைக்கடிகாரத்தோடு நழுவியிருந்தான்.

இவன் எதுவரை போகிறான் பார்ப்போம் என்று, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு, எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளுக்கு, கூட்டிப்போனேன். ஒரே சேறு. திரும்பிப் பார்த்தால், மனிதர் என் காலடி பதிந்த இடத்திலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வருகிறார். தன் தடம் தெரியக்கூடாதென்று நடக்கிற திருடன்தான் என்று முடிவு கட்டினேன்.

"எங்கண்ணனுக்கு அங்க என்ன வேலை?" என்று போட்டு வாங்கப் பார்த்தேன்.

"கண்ணிவெடி எடுக்கிற வேலைங்க."

மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். பாலம் கட்டும் வேலை என்றுதான் அண்ணன் கடிதத்துக்குக் கடிதம் எழுதியிருந்தான்.

லயத்து வாசலில் அவர் பையைப் பிடுங்கி உதறினேன். மரப்பிடி போட்ட கூரான இரும்புக் கம்பி ஒன்று விழுந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குமேல் சாட்சியே வேண்டாம். மூட்டையைக் குத்திக் காய் உருவுகிறவனிடம்தான் அப்படி ஒன்று இருக்கும். சட்டையைப் பிடித்தேன். லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். "போலீசுல குடுத்துருவோம்ப்பா" என்றார் ஒருவர். சத்தம் கேட்டு அம்மாவும் வெளியே வந்தாள்.

அவர் என் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. "இதை எப்படிப் பிடிக்கணும்னு உங்க அண்ணன்தான் சொல்லிக்குடுத்தாரு. காட்டட்டுங்களா?" என்றார். ஈர மண்ணில் குப்புறப் படுத்தார். கம்பியைச் சாய்த்துப் பிடித்து, பொறுமையாக மண்ணுக்குள் செலுத்தினார்.

"அவசரப்படாதே, எங்கம்மா குதிகால்ல முள் எடுக்கிற மாதிரி எடு. வலிச்சாலும் அம்மா வாய் திறந்து சொல்லாது, நாமதான் பார்த்து எடுக்கணும்னு சொல்வாரு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெடித்துப்போன அந்தக் குதிகாலை அண்ணனைத் தவிர வேறு யாரையும் அவள் தொடவிட்டதில்லை, என்னையும் சேர்த்து. வெளியாளுக்கு அது தெரிய வழியே இல்லை.

"எய்யா, எம் மவன் எப்படிப் போனான்? நீ சொல்லுய்யா."

பட்டாளம் கடந்து போகக் கண்ணிவெடிகளை எடுத்து வழி செய்யும்போது ஒன்று வெடித்துவிட்டது என்றார். "அவர்தாம்மா முன்னாடி போவாரு. அவர் கால் வச்ச இடத்துலதான் நாங்க வைப்போம். அன்னைக்கும் அவர் பின்னாடி வந்த நாலு பேரும் பிழைச்சிட்டோம்."

பாலம் கட்டுவதாக அண்ணன் எழுதியது அம்மா பயப்படக்கூடாதென்றுதான். அவன் காப்பாற்றி அனுப்பிய மனிதரின் சட்டையைத்தான் நான் பிடித்திருந்தேன். கூசிப்போனேன்.

மறுநாள் காலை அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். நான் முன்னால் நடந்தேன். பின்னால் அவர் கால் என் தடத்தில் விழும் சத்தம் கேட்டது. அவர் குள்ளம், அவருக்குத் தோதாகச் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தேன்.

இன்றைக்கும் மழைப் பாதையில் என் பின்னால் யாராவது வந்தால், அவர் யார் எவர் என்று திரும்பிப் பார்ப்பதில்லை, நான் கால் வைக்கிற இடத்தைத்தான் பார்க்கிறேன்.