அம்மா கழுவிய தொட்டி

கடலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் வீடுகளின் படத்தை என் கணவர் செல்போனில் காட்டியபோது என் மகள் படுக்கையில் எழுந்து நின்று குதித்தாள். தரை கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே மீன்கள். மாலத்தீவுக்குப் போகலாமா என்று அவர் கேட்டார். குழந்தை தண்ணீரில் விழுந்துவிட்டால், அங்கே காய்ச்சல் வந்துவிட்டால் என்று என் வழக்கமான பயங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டியும் வந்து நின்றது.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் ஊரான அருமனைப் பக்கத்திலிருந்து அப்படிப் போனவர்கள் வேறு சிலரும் உண்டு. லீவில் வரும்போதெல்லாம் ஒரு காலண்டர் கொண்டு வருவார். எந்த மாதத்தைத் திருப்பினாலும் இந்தத் தண்ணீர் வீடுகள்தான். அப்பா அதில் ஒன்றில் குடியிருக்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அப்பா அதை மறுக்கவில்லை, சிரித்ததோடு சரி.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மாவும் நானும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினோம். நான் தீவைப் பார்க்கப் போனேன். அம்மா வேறொன்றுக்காகப் போனாள். விமானத்தில் என் காதருகே குனிந்து, "நாம இனி அப்பாக்க கூடயே இருந்தா கொள்ளாமா மக்களே?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். "அப்பாட்ட இப்ப ஒண்ணும் சொல்லப்பிடாது. நான் நேரம் பாத்துக் கேப்பேன்."

அப்பாவோ ஒவ்வொரு லீவிலும், அந்தத் தீவில் பெண்களால் குடும்பம் நடத்த முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

விமானம் இறங்கிய ஊரிலிருந்து பகல் முழுவதும் படகில் போனோம். கடலின் அடியில் மணல் தெரிந்தது. எங்கள் படகின் நிழல், எங்களுக்குக் கீழே வேறு யாரோ போகும் இன்னொரு படகைப்போலக் கூடவே வந்தது. அப்பாவின் வீடு தண்ணீர்மேல் இல்லை. பவழக்கல் சுவர் வைத்த ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இரண்டு அறை, அவ்வளவுதான். ஏமாற்றத்தில் அழுதேன் என்று அம்மா பிற்பாடு சொல்வாள். எனக்கு அது நினைவில்லை. நினைவில் இருப்பது வெள்ளை மணல் தெருக்கள். விடிந்ததும் பெண்கள் ஈர்க்குமாற்றால் தெருவையே பெருக்குவார்கள். மணலில் விழும் அந்தக் கோடுகள்மேல் கால் வைக்க எனக்குக் கூசும். சாயங்காலம் கடற்கரையில், சட்டத்திலிருந்து தொங்கும் கயிற்றுவலை இருக்கைகளில் சாய்ந்து ஊரே மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். படகுகள் சூரை மீனோடு திரும்பும். எங்கிருந்தோ பெரிய மேளங்கள் முதலில் சோம்பலாகவும் பிறகு வேகமாகவும் கேட்கும். தீவு முழுவதும் ஒரு தொட்டிலில் கிடப்பதுபோல இருக்கும்.

அம்மா ஆடவில்லை. வீட்டுக்காரப் பெண்ணிடம் சைகையிலேயே பேசி, சூரை மீனை உதிர்த்துத் தேங்காயும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசையக் கற்றுக்கொண்டாள். மெல்லிய ரொட்டி சுடக் கற்றாள். பிறகு, தலைமையாசிரியரையும் அவர் மனைவியையும் வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூப்பிடச் சொன்னாள். அந்த விருந்து நல்லபடியாக முடிந்ததும் அப்பாவிடம் கேட்டுவிடுவதாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

எங்கள் ஊரில் விசேஷத்துக்கு ஆள் வருகிறதென்றால் முதலில் கிணற்றை இறைப்பார்கள். சொட்டு விடாமல் இறைத்து, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவிவிட்டால், மறுநாள் காலையில் புதுத் தண்ணீர் ஊறி நிற்கும். தீவு வீட்டில் குடிதண்ணீருக்கு இருந்தது முற்றத்துச் சிமெண்ட் தொட்டி ஒன்றுதான். வீட்டுக்காரர்களுக்கும் எங்களுக்கும் சேர்த்து அது. கூரையிலிருந்து ஒரு குழாய் அதற்குள் இறங்கியது. எங்கள் ஊர் வீடுகளில் குழாய் அப்படி இறங்கினால் மேலே இன்னொரு தொட்டி இருக்கும், மோட்டார் போட்டால் நிறையும்.

வியாழக்கிழமை, அப்பா பள்ளிக்கும் வீட்டுக்காரப் பெண் கடைக்கும் போயிருந்த நேரத்தில், அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியின் அடியடைப்பைப் பிடுங்கினாள். தண்ணீர் முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. நான் இலைகளை மிதக்கவிட்டுக் கூடவே ஓடினேன். கொஞ்ச தூரத்தில் மணல் எல்லாவற்றையும் குடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வெள்ளையாகக் கிடந்தது. அம்மா தொட்டிக்குள் இறங்கித் தேங்காய்நாரால் தேய்த்தாள். உள்ளிருந்து அவள் பாடிய பாட்டு சர்ச்சுக்குள் பாடுவதுபோல எதிரொலித்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் பாடி நான் கேட்டதில்லை.

கடையிலிருந்து திரும்பிய வீட்டுக்காரப் பெண் கெட்டிலோடு வந்து தொட்டிக் குழாயைத் திறந்தாள், சொட்டுகூட வரவில்லை. தொட்டியை எட்டிப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. அம்மாவின் ஈரக்கையைப் பிடித்து அழைத்துப்போய் முதலில் கூரையைக் காட்டினாள், பிறகு கூரைக்கு மேலே மேகமே இல்லாத வானத்தைக் காட்டினாள்.

மதியம் வந்த அப்பா காலித் தொட்டியைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"மூணு மாசமா மழை இல்ல பிள்ளே. இது என்ன கெணறா, ஊறி வாறதுக்கு?"

"அடியில சேறு கெடந்து. ஆளு வரும்போ குடிக்க அந்த வெள்ளத்த எப்பிடிக் குடுக்க? மேல வேற தொட்டி உண்டும்னு நெனச்சேன்."

சாயங்காலம் ஆடும் இருக்கைகள் காலியாக இருந்தன. குடம், கெட்டில், பிளாஸ்டிக் வாளி என்று கையில் கிடைத்ததில் தண்ணீரோடு அந்தத் தெருவின் பெண்கள் எங்கள் தொட்டிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவி பாதியை ஊற்றிவிட்டு, மீதியைத் தன் வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போனாள். அம்மா ஒவ்வொருவருக்கும் கை கூப்பினாள். அந்த ஊரில் அப்படிக் கும்பிடுவது வழக்கமா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

விருந்து நடந்தது. தலைமையாசிரியர் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏதோ சொன்னார். அப்பா அதைத் தமிழில் சொன்னார்.

"இந்தத் தீவிலேயே சுத்தமான தொட்டி இப்ப இதுதானாம். அவருக்க வீட்டுத் தொட்டிய கழுவவும் உன்ன விளிக்காரு. ஆனா மழ பெய்ஞ்ச பொறவு வந்தாப் போருமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரப் பெண் அம்மாவின் முதுகில் தட்டிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், எல்லோரையும்விட அதிகமாக. பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னால் போனபோது, கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் துணியை நனைத்து ஒவ்வொரு தட்டாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாட்ட கேட்டியாம்மா?"

"என்னத்த?" என்றாள்.

அன்று அவள் கேட்டிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார்? இப்போதும் இதை நான் இரண்டு விதமாகவும் யோசித்துப் பார்ப்பதுண்டு. ஊர் அந்தத் தொட்டியை ஒரே நாளில் சிரித்து முடித்துவிட்டது. அம்மா பிறகு அந்தத் தீவுக்குப் போகவே இல்லை.

நாங்கள் திரும்பிய நாளில் அப்பா படகுத்துறையில் நின்று கையசைத்தார். பாதி வழியில், காலண்டரில் இருந்ததுபோலவே அந்தத் தண்ணீர் வீடுகள் வந்தன. நான் கத்திக் கூப்பிட்டேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் விட்டு வந்த திசையில் வானம் கறுத்துக்கொண்டு வந்ததையே பார்த்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் மழை எங்களையும் பிடித்துக்கொண்டது. ஒரு தூறலுக்கே என் தலையில் முந்தானையைப் போடுகிறவள், அன்று என்னை உள்ளே இழுக்கவில்லை. தார்ப்பாய்க்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி மழையை ஏந்திக்கொண்டிருந்தாள். கை நிறைந்ததும் கடலில் கொட்டினாள், மறுபடியும் ஏந்தினாள்.

அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன்.